சாவியை எடுத்தா லைட்டும் அணையணும்!

டிராக்டர், குட்டி யானை, பைக்... கூடுதல் விளக்கு மாட்டப் போகிறீர்களா? எந்த லைட் வாங்குகிறோம் என்பதைவிட, அதற்கான கரண்டை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதுதான் முக்கியம்!

தை பிறந்துவிட்டால் வேப்பந்தட்டைப் பக்கத்துக் கிராமச் சாலைகளுக்குப் பாதி அகலம்தான். மீதிப் பாதியில் மக்காச்சோளம் காயும். பகலில் பிரச்னை இல்லை. பொன் நிறத்தில் பளிச்சென்று தெரியும். பொழுது சாய்ந்ததும் குவித்து, தார்ப்பாய் போட்டு மூடி, காற்றில் பறக்காமல் இருக்க ஓரத்தில் கருங்கல்லை அடுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். இரவு ஒன்பது மணிக்கு பைக்கில் வருகிறவருக்கு அந்தக் கறுப்புத் தார்ப்பாயும், கறுப்புத் தார்ச்சாலையும், கருங்கல்லும் ஒன்றுதான்.

புரட்டாசி மழையை நம்பி விதைக்கிற மானாவாரி பூமி இது. மக்காச்சோளமும் பருத்தியும்தான் பிரதானம். பருத்திக்கென்றே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் ஒன்று வேப்பந்தட்டையில் இருக்கிறது. இந்தப் பக்கம் எறையூரில் சர்க்கரை ஆலை. கரும்பு வெட்டு நடக்கிற மாதங்களில் ராத்திரி பகல் பார்க்காமல் டிராக்டர்கள் ஓடும். அந்தப் பக்கம் பச்சைமலை அடிவாரம். மானும் காட்டுப்பன்றியும் எப்போது சாலையைக் கடக்கும் என்று சொல்ல முடியாது. பெரம்பலூரிலிருந்து ஆத்தூர் போகும் மெயின் ரோட்டை விட்டு இறங்கிவிட்டால், பல இடங்களில் தெருவிளக்கும் கிடையாது.

ஆக, ஊர்க்காரர்கள் வண்டியில் கூடுதலாக ஒரு லைட் மாட்டுவதை வெறும் அலங்காரம் என்று ஒதுக்கிவிட முடியாது. பழைய டிராக்டரின் ஹெட்லைட் கண்ணாடி மங்கி, உள்ளே இருக்கும் ரசம் உரிந்து, பத்தடிக்கு மேல் எட்டாது. `ஃபோகஸ் லைட்' என்றும் `எல்.இ.டி பார்' என்றும் கடைகளில் தொங்குவதைப் பார்த்தால், வாங்கத்தான் தோன்றும். தேவை உண்மையானதுதான். மாட்டுகிற விதத்தில்தான் வம்பு ஆரம்பிக்கிறது.

`டைரக்டா குடுத்துடவா அண்ணே?'

லைட்டை வாங்கிக்கொண்டு பட்டறைக்குப் போனால், முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். `டைரக்ட்' என்றால் பேட்டரியிலிருந்து நேராக ஒரு வயர், நடுவில் ஒரு சுவிட்ச், அங்கிருந்து லைட். கால் மணி நேர வேலை. லைட்டும் ஜெகஜோதியாக எரியும். வண்டிக்காரருக்குச் சந்தோஷம், வேலை பார்த்தவருக்கும் சந்தோஷம்.

இந்த இணைப்பில் இருக்கும் சிக்கல், சாவிக்கும் லைட்டுக்கும் சம்பந்தமே இல்லாமல் போய்விடுவது. சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் போய்விடலாம். லைட் எரிந்துகொண்டே இருக்கும். எரிவது தெரிந்தால் அணைத்துவிடலாமே என்று கேட்கலாம். லைட் வண்டியின் மூக்கில் இருக்கிறது. வண்டியோ சுவரைப் பார்த்து நிற்கிறது. அல்லது பட்டப்பகலில் யாரோ கை பட்டு சுவிட்ச் விழுந்திருக்கிறது. பிள்ளைகள் டிராக்டரில் ஏறி விளையாடாத வீடு எது?

கணக்கு போட்டுப் பார்ப்போம். 55 வாட் ஹாலஜன் பல்பு இரண்டு என்றால் 110 வாட். 12 வோல்ட் பேட்டரியில் அது 9 ஆம்பியருக்குக் கொஞ்சம் மேலே இழுக்கும். சின்ன காரில் இருக்கும் 35 ஆம்பியர்-அவர் பேட்டரி, காகிதக் கணக்கில் நாலு மணி நேரம்கூடத் தாங்காது. ஆனால், முழுசாகக் காலியாகும் வரை காத்திருக்கத் தேவையில்லை. பாதி இறங்கினாலே ஸ்டார்ட்டர் மோட்டார் `டக் டக்' என்று முனகிவிட்டு நின்றுவிடும். அதாவது இரண்டு மணி நேரம். டிராக்டரின் 75 ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு இந்தக் கணக்கில் நாலு மணி நேரம். ராத்திரி பத்து மணிக்கு மறந்தால், விடிகாலை இரண்டு மணிக்கே கதை முடிந்தது.

பைக் இன்னும் பாவம். பல பைக்குகளில் பேட்டரி 4, 5 ஆம்பியர்-அவர்தான். நாற்பது வாட் எல்.இ.டி ஒரு மணி நேரத்தில் அதைக் குடித்துவிடும். முன்பெல்லாம் கிக்கரை உதைத்தால் வண்டி கிளம்பிவிடும். இப்போது வரும் பல வண்டிகளில் கிக்கரே கிடையாது. ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் பம்ப்புக்கும் கரண்ட் வேண்டும். அதனால் பேட்டரி செத்தால், தள்ளி ஸ்டார்ட் பண்ணுவதும் சந்தேகம்தான்.

பேட்டரி இறங்கினால் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று சமாதானம் சொல்பவர்களும் உண்டு. வண்டிகளில் இருக்கும் லெட் ஆசிட் பேட்டரிக்கு அடியோடு காலியாவது ஆகாத காரியம். உள்ளே தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். நாலைந்து முறை இப்படி ஆனால், மூன்று, நான்கு வருடம் வரவேண்டியது ஒரு வருடத்தில் மண்டையைப் போட்டுவிடும். பணம் ஒரு பக்கம். கதிரடிக்க ஆள் வந்து நிற்கிற காலையில், கரும்பு ஏற்றிய டிராக்டர் கிளம்ப வேண்டிய நேரத்தில், அல்லது நடுராத்திரி வீட்டில் யாருக்கோ நெஞ்சுவலி என்று ஓடிவந்து சாவியைத் திருகும்போது `டக்' என்று மட்டும் சத்தம் வந்தால்? அந்த நேரத்துக்கு விலை போட முடியாது.

டி.வி.எஸ் 50 காலத்தில் இந்தக் கவலை இல்லை

ஒரு சின்ன ஃபிளாஷ்பேக். 1980-ல் டி.வி.எஸ் 50 வந்தபோது வாங்கி ஓட்டியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஆக்சிலேட்டரை முறுக்கினால் ஹெட்லைட் பிரகாசமாகும். விட்டால் மினுக் மினுக்கென்று மங்கும். இருட்டில் பள்ளம் வருகிறதே என்று வேகத்தைக் குறைத்தால், வெளிச்சமும் குறைந்து பள்ளமே தெரியாமல் போகும்! இன்ஜினில் சுழலும் மேக்னெட்டோவிலிருந்து நேராக விளக்குக்குக் கரண்ட் போனதுதான் காரணம். இன்ஜின் நின்றால் விளக்கும் நின்றுவிடும். மறந்து எரியவிடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

பேட்டரி வந்தது, வசதி வந்தது. கூடவே இந்தத் தலைவலியும் வந்தது. அதனால்தான் வண்டி தயாரிக்கிறவர்கள், எந்தெந்தக் கரண்ட் சாவிக்குக் கட்டுப்பட வேண்டும், எது எப்போதும் உயிரோடு இருக்க வேண்டும் என்று பிரித்து வைத்தார்கள். ஜெர்மானியர்கள் இதற்கு எண்களே கொடுத்துவிட்டார்கள். பேட்டரியிலிருந்து நேராக வருவது 30. சாவி போட்டால் மட்டும் உயிர் பெறுவது 15. எர்த், 31. உலகம் முழுக்க ஆட்டோ எலெக்ட்ரீஷியன்கள் இன்றைக்கும் கையில் எடுக்கிற ரிலேயின் அடியில் 30, 85, 86, 87 என்று பொறித்திருப்பது அந்த வழியில் வந்ததுதான்.

ரிலே என்பது குட்டி மோட்டார் ஸ்டார்ட்டர்

`சாவியில் வர்ற கரண்ட்ல லைட்டை மாட்டிட்டா போச்சு' என்று சிலர் அடுத்த தவறுக்குப் போவார்கள். சாவி போட்டால் கரண்ட் வருகிற ஏதோ ஒரு வயரைச் சீவி, அதிலேயே இரண்டு பெரிய லைட்டை முறுக்கிவிடுவது. மீட்டர் விளக்குக்கும் ஹாரனுக்கும் போகிற மெல்லிய வயர் அது. 9 ஆம்பியரை அதன் தலையில் கட்டினால் வயர் சுடும். சாவி சுவிட்சின் உள்ளே இருக்கும் பித்தளைக் காண்டாக்ட் கருகும். கொஞ்ச நாளில் சாவியை ஆட்டி ஆட்டிப் போட்டால்தான் வண்டி உயிர் பெறும். ஃபியூஸ் போனால் லைட்டோடு சேர்த்து இன்ஜினும் நிற்கலாம். ஓடுகிற வண்டியில், இருட்டில்.

இதற்கு விடைதான் ரிலே. கிணற்று மோட்டார் வைத்திருக்கும் யாருக்கும் இதைப் புரியவைக்க ஒரு நிமிடம் போதும். ஸ்டார்ட்டர் பெட்டியில் பச்சை பட்டனை அழுத்துகிறோம். மோட்டாருக்குப் போகும் அவ்வளவு கரண்டும் அந்தப் பட்டன் வழியாகவா போகிறது? இல்லை. பட்டன் உள்ளே இருக்கும் காயிலுக்கு மட்டும் கொஞ்சம் கரண்ட் கொடுக்கிறது. காயில் காந்தமாகி `டக்'கென்று காண்டாக்டை இழுக்கிறது. பெரிய கரண்ட் அந்தத் தடித்த காண்டாக்ட் வழியாகப் போகிறது. ரிலேயும் அதேதான், தீப்பெட்டியைவிடச் சின்ன சைஸில். அதன் காயிலுக்கு வேண்டியது ஒரு ஆம்பியரில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. சாவி வயருக்கு அது ஒரு சுமையே கிடையாது. விலையும் சில நூறு ரூபாய்க்குள்தான்.

நாலு கால்களில் எது எங்கே? 30-க்கு பேட்டரியின் பாசிட்டிவ்விலிருந்து ஃபியூஸ் வழியாகத் தடித்த வயர். 87-லிருந்து லைட்டுக்கு அதே தடிமனில் வயர். 86-க்கு சாவி போட்டால் வரும் கரண்ட், நடுவில் நாம் அழுத்துகிற சுவிட்ச். 85 எர்த். அவ்வளவுதான் சூத்திரம். சாவியை எடுத்தால் 86-ல் கரண்ட் இல்லை. காயில் விட்டுவிடும். சுவிட்ச் `ஆன்'-ல் இருந்தாலும் லைட் அணைந்துவிடும்.

கடையில் ஐந்து கால் ரிலேயும் கிடைக்கும். நடுவில் இருக்கும் ஐந்தாவது கால் 87ஏ. இங்கேதான் கவனம் வேண்டும். ரிலே வேலை செய்யாதபோது 30-ம் 87ஏ-வும்தான் சேர்ந்திருக்கும். தெரியாமல் லைட் வயரை அதில் செருகினால், எல்லாம் தலைகீழ். சாவியை எடுத்தால் லைட் எரியும், போட்டு சுவிட்சைத் தட்டினால் அணையும். `லைட்டுல பேய் பிடிச்சிருக்கு' என்று வருகிற வண்டிகளில் இது ஒரு வகை.

அந்த வயரை எப்படிக் கண்டுபிடிப்பது?

வயரின் நிறத்தை வைத்து முடிவு பண்ண வேண்டாம். கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும். ஏற்கெனவே இரண்டு பேர் கை வைத்த பழைய வண்டியில் நிறத்துக்கு அர்த்தமே இருக்காது. டெஸ்ட் லேம்ப் அல்லது மல்டிமீட்டர்தான் வழி. ஒரு முனையை நல்ல எர்த்தில் வைத்து, மறு முனையால் தொட்டுப் பாருங்கள். சாவி இல்லாதபோது பூஜ்யம், சாவி போட்டால் 12 வோல்ட். அதுதான் தேடுகிற ஆள். சாவியை நாலைந்து முறை போட்டு எடுத்துச் சரிபாருங்கள்.

கார், வேன் மாதிரி வண்டிகளில் சாவிக்கு இன்னொரு நிலையும் உண்டு. பாட்டு கேட்பதற்கான `ஏசிசி' நிலை. அந்த லைனில் வரும் கரண்ட், ஸ்டார்ட் பண்ணுகிற சில விநாடிகளுக்குத் தானாகவே துண்டிக்கப்படும். முழு பலமும் ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் போகட்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. அதனால் பலர் ரிலேக்கு இதை விரும்பி எடுப்பார்கள். என் கணக்கில் `ஆன்' லைனே மேல். பாட்டு கேட்டுக்கொண்டே வண்டியில் உட்கார்ந்திருக்கும்போது லைட்டும் கூடவே எரிய வேண்டிய அவசியம் இல்லை.

புது வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பி.எஸ்-6 காலத்து வண்டிகளில் ஹெட்லைட்டுக்குப் போகும் வயர்கூட ஒரு கம்ப்யூட்டரின் கண்காணிப்பில் இருக்கலாம். வயரைச் சீவி முறுக்கினால், மீட்டரில் மஞ்சள் விளக்கு எரிந்து பயமுறுத்தும். வாரன்டி கேட்டுப் போனால் அந்த முறுக்கிய வயரைத்தான் முதலில் காட்டுவார்கள். வயரை வெட்டாமல் ஃபியூஸ் பெட்டியிலேயே செருகி, அங்கிருந்து தனி ஃபியூஸோடு ஒரு கிளை எடுக்கிற சின்ன ஹோல்டர் கிடைக்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள். ஏர்பேக், பிரேக் என்று எழுதியிருக்கும் ஃபியூஸ் பக்கம் மட்டும் போகவே கூடாது.

டிராக்டரில் ஒரு தனிக் கதை

இந்தப் பக்கத்தில் ஓடும் பழைய டிராக்டர்களில் பலவற்றை, சாவியைத் திருப்பி நிறுத்த முடியாது. டீசல் இன்ஜின் ஒருமுறை ஓட ஆரம்பித்துவிட்டால் அதற்குக் கரண்டே வேண்டாம். டீசல் வருவதை நிறுத்தினால்தான் நிற்கும். அதற்கென்று இழுக்கிற ஒரு நாப் இருக்கும். அதை இழுத்தவுடன் இன்ஜின் அடங்கிவிடும். டிரைவரும் இறங்கிப் போய்விடுவார். சாவி? அது `ஆன்'-லேயே இருக்கும்! எத்தனையோ டிராக்டர்களில் சாவி வருடக்கணக்கில் அந்தத் துவாரத்தை விட்டு வெளியே வந்ததே கிடையாது என்பதும் உண்மை.

அப்படியானால் சாவிக் கரண்டில் ரிலே மாட்டி என்ன பயன்? பாதிப் பயன்தான். இப்படிப்பட்ட வண்டியில், எரிந்தால் டிரைவர் கண்ணுக்கு நேராகத் தெரிகிற மாதிரி, உள்ளே சிவப்பு விளக்கு உள்ள சுவிட்சாகப் பார்த்து மாட்டச் சொல்லுங்கள். வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. டிராக்டர் கொட்டகைக்கு வந்ததும் சாவி ஆணியில் தொங்குகிறதா என்று பார்ப்பது. அரிசி உலை வைக்கும் நேரத்தில் ஒரு பார்வை பார்த்தால் போதும்.

`இன்ஜின் ஓடாதப்பவும் லைட் வேணுமே... களத்துல மூட்டை இறக்கணும், பஞ்சர் ஒட்டணும்' என்பது டிராக்டர்காரர்களின் நியாயமான பதில். டைரக்ட் இணைப்பை அவர்கள் விடாமல் பிடித்திருக்க இதுதான் காரணம். இதற்கு, முன்னால் இருக்கும் பெரிய லைட்டுகளைச் சாவிக்குக் கட்டுப்படுத்திவிட்டு, பின்பக்கம் 18 வாட் எல்.இ.டி ஒன்றை மட்டும் தனி ஃபியூஸோடு டைரக்டாகக் கொடுக்கலாம். அது ஒன்றரை ஆம்பியர்தான் இழுக்கும். ஒரு ராத்திரி முழுக்க மறந்தாலும் டிராக்டர் பேட்டரி பெரும்பாலும் தாங்கிவிடும். ரோட்டில் போகும்போது அதைக் கட்டாயம் அணைத்துவிட வேண்டும். பின்னால் வருகிறவரின் முகத்தில் வெள்ளை வெளிச்சம் அடித்தால், டிரெய்லர் எங்கே முடிகிறது என்றே அவருக்குத் தெரியாது.

ஜிகினாத்தாள் ஃபியூஸ்

ஃபியூஸை எங்கே வைப்பது என்பதில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். லைட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் லைட் பிழைக்கலாம், வண்டி பிழைக்காது. பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். அதற்கு அப்பால் வயர் எங்கே உரசி, எங்கே சேஸிஸில் பட்டாலும், ஃபியூஸ் போய் கரண்ட் நின்றுவிடும். ஃபியூஸ் இல்லாமல் பட்டால்? பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரை ஒரே மூச்சில் தள்ளும். வயர் அடுப்புக் கம்பி மாதிரி சிவக்கும். அந்த வயருக்கு மேலே டிரெய்லரில் இருப்பது பருத்தி மூட்டை, அல்லது காய்ந்த மக்காச்சோளத் தட்டை. மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு 55 வாட் லைட்டுக்கு 15 ஆம்பியர் ஃபியூஸ் சரியாக இருக்கும். அது போய்விட்டால் ஏன் போனது என்று தேட வேண்டும். 30 ஆம்பியரை மாட்டுவதோ, சிகரெட் பெட்டி ஜிகினாத்தாளைச் சுற்றிச் செருகுவதோ வைத்தியம் ஆகாது. காய்ச்சல் காட்டுகிறது என்று தெர்மாமீட்டரை உடைப்பது மாதிரிதான் அது.

வயர் தடிமனிலும் கஞ்சத்தனம் வேண்டாம். பட்டறையில் சுருளாகத் தொங்கும் மெல்லிய 0.75 சதுர மில்லிமீட்டர் வயரை 4 மீட்டர் இழுத்து 9 ஆம்பியர் கொடுத்தால், வழியிலேயே 0.8 வோல்ட்டுக்கு மேல் காணாமல் போகும். ஹாலஜன் பல்புக்கு இது பெரிய அடி. வெளிச்சத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். `புது லைட்டு, ஆனா டல்லா எரியுது' என்பதற்குப் பல நேரம் இதுதான் காரணம். 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் இழப்பு கால் வோல்ட் அளவில் நின்றுவிடும்.

எர்த்துக்கு, பெயின்ட் மேலேயே போல்ட்டை முடுக்காமல், அந்த இடத்தைச் சுரண்டி வெள்ளை இரும்பு தெரிந்த பிறகு முடுக்க வேண்டும். தகட்டைத் துளைத்து வயர் போகும் இடத்தில் ரப்பர் வளையம். வெறும் வயர் வெளியே தெரியாமல் ஸ்லீவ். மக்காச்சோளம் இருக்கும் வீட்டில் எலி இருக்கும். எலி இருக்கும் கொட்டகையில் வயர் முழுசாக இருக்காது. மாதம் ஒருமுறை டார்ச் அடித்துப் பார்ப்பது நல்லது.

வேலையைத் தொடங்கும் முன் பேட்டரியில் நெகட்டிவ் முனையைத்தான் முதலில் கழற்ற வேண்டும், கடைசியில் மாட்ட வேண்டும். பாசிட்டிவ்வை முதலில் கழற்றினால், ஸ்பேனர் தவறி பாடியில் பட்ட நொடியில் தீப்பொறி பறக்கும். பேட்டரிக்கு மேலே ஹைட்ரஜன் வாயு தங்கியிருக்கும் என்பதால் இது விளையாட்டுக் காரியம் இல்லை.

எதிரில் வருகிறவர் யார்?

இதுவரை சொன்னது நம் வண்டி, நம் பேட்டரி பற்றி. எதிரில் வருகிற டி.வி.எஸ் எக்ஸ்.எல்-லில் ஒரு பெரியவர், பின்னால் அவர் மனைவி, நடுவில் தீவனக் கட்டு. நம் எல்.இ.டி பார் அவர் கண்ணில் அடிக்கிறது. வயதான கண், அதிலும் புரை விழ ஆரம்பித்த கண், கூசிய பிறகு மறுபடி பார்வைக்கு வர இளம் வயதுக் கண்ணைவிட அதிக நேரம் எடுக்கும். அந்தச் சில விநாடிகளில் வண்டி ஐம்பது மீட்டர் போய்விடும். அவருக்கு இடப்பக்கத்தில் அந்தத் தார்ப்பாயும் கருங்கல்லும் இருக்கின்றன.

இதற்கும் வயரிங்கில் வழி இருக்கிறது. தூரம் போகிற லைட்டாக இருந்தால், ரிலேயின் 86-க்குச் சாவிக் கரண்டை நேராகக் கொடுக்காமல், ஹெட்லைட்டின் `பிரைட்' வயரிலிருந்து எடுக்கலாம். பிரைட் போட்டால் கூடுதல் லைட் எரியும். எதிரே வண்டி வரும்போது டிம் பண்ணினால் அதுவும் கூடவே அணையும். தனியாக ஒரு சுவிட்சைத் தேடிக் கை நீட்ட வேண்டியதில்லை. பெரும்பாலான வண்டிகளில் பிரைட்டே சாவிக்குக் கட்டுப்பட்டதுதான் என்பதால் பேட்டரிக்கும் பாதுகாப்பு. சில வண்டிகளில் சாவி இல்லாமலும் ஹெட்லைட் எரியும். அதை முன்பே டெஸ்ட் லேம்பில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-ன் 106-வது விதி, முன் விளக்கின் ஒளி நிரந்தரமாகக் கீழ்நோக்கி இருக்க வேண்டும் என்கிறது. வண்டிக்கு முன்னால் 8 மீட்டர் தூரத்தில், வலப்பக்கம் அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூசச் செய்யக் கூடாது. கிட்டத்தட்ட நம் எதிரே வருகிற பைக்காரரின் கண் இருக்கும் உயரம் இது. வீட்டு வாசலிலேயே சோதித்துப் பார்க்கலாம். பத்து எட்டு அளந்து, நம் வீட்டு ஆளையே அங்கே நிற்கவைத்து லைட்டைப் போடுங்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டால், லைட்டின் போல்ட்டைத் தளர்த்திக் கீழே சாயுங்கள்.

111-வது விதி இன்னும் நேரடியானது. வண்டியின் முன்பக்கம் ஸ்பாட் லைட், சர்ச் லைட் மாட்டவே கூடாது. தவிர்க்க முடியாத சூழ்நிலை என்றால், பதிவு செய்யும் அதிகாரியிடம், அதாவது ஆர்.டி.ஓ அலுவலகத்தில், முன்கூட்டியே ஒப்புதல் வாங்க வேண்டும். கேபின் உச்சியில் வரிசையாக மாட்டுகிற பார் லைட்டுகளை வாங்கும் முன் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. இதை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேரளாவிலிருந்து வந்த ஒரு வழக்கில் உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த சட்டத்திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். ஒன்றுக்கு இரண்டு லைட் என்றால் கணக்கும் ஏறலாம்!

உண்மையைச் சொன்னால், பல வண்டிகளுக்குக் கூடுதல் லைட்டே தேவைப்படாது. மங்கிய ஹெட்லைட் கண்ணாடியை மாற்றி, அதற்குப் போகும் வயரின் துருப்பிடித்த எர்த்தைச் சுத்தம் பண்ணி, தடித்த வயரும் ரிலேயும் போட்டாலே பழைய லைட் புதுசாக எரியும். அதற்கு ஆர்.டி.ஓ அனுமதி வேண்டாம், அபராதப் பயமும் இல்லை. முதலில் இதைச் செய்து பாருங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

கரும்பு டிரெய்லர் வைத்திருப்பவர்கள் முன்னால் மாட்டும் செலவில் கொஞ்சத்தைப் பின்னால் திருப்பலாம். சோகை தொங்கும் டிரெய்லரின் பின்புறத்தில் ஒரு சிவப்பு விளக்குகூட இல்லாமல் எத்தனை வண்டிகள் இருட்டில் ஊர்ந்து போகின்றன! பின் விளக்குக்கும் இதே சாவிக் கரண்ட், இதே ஃபியூஸ்தான். கரும்பு மறைக்காத உயரத்தில் மாட்டி, இரண்டு ஓரத்திலும் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டினால், விளக்கு போனாலும் பின்னால் வருகிற வண்டியின் வெளிச்சத்திலேயே டிரெய்லரின் அகலம் தெரியும்.

வேலை முடிந்ததும், காசு கொடுக்கும் முன் பட்டறையிலேயே சோதித்துவிடுங்கள். சாவியை எடுத்துவிட்டு, கூடுதல் லைட்டின் சுவிட்சைப் போட வேண்டும். எரியக் கூடாது. சாவி போட்டு, பிரைட் போட்டு, டிம் பண்ணிப் பார்க்க வேண்டும். பத்து நிமிடம் எரியவிட்டு ஃபியூஸ் ஹோல்டரையும் ரிலேயையும் தொட்டுப் பாருங்கள். லேசான சூடு சகஜம். கை வைக்க முடியவில்லை என்றால் எங்கோ இணைப்பு சரியாக இறுகவில்லை.

இன்னொன்றும் கேட்டு வாங்குங்கள். எந்த வயர் எங்கிருந்து எங்கே போகிறது, ஃபியூஸ் எங்கே இருக்கிறது, எத்தனை ஆம்பியர் என்று ஒரு தாளில் வரைந்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு டூல் பாக்ஸ் மூடியின் உள்பக்கம் ஒட்டிவிடச் சொல்லுங்கள். அடுத்த முறை கோளாறு வரும்போது, மாட்டியவர் துபாய்க்குப் போயிருப்பார்.